‘விருப்பம்’ என்ற கட்டத்தில் இட்ட கையொப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும் நாளன்று, புதுச் சீருடை அணிந்த பிள்ளைகள் தலைமையாசிரியரிடம் இனிப்பு வாங்கும் படங்களைத் தங்கள் நாளிதழ் வெளியிடுகிறது. அதே நாளில், அரசுப் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும், வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி பள்ளியின் மணியோசையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். என் மகன் அவர்களுள் ஒருவன். வயது 12. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் ஊனம் 85 விழுக்காடு என்று எழுதியிருக்கிறது. நடக்க இயலாது, பேச இயலாது, கைகள் நினைத்த இடத்துக்குப் போகா. கண்ணும் காதும் கூர்மையானவை. எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவன் என்று பதிவாகியிருக்கும் அவன், மூன்று ஆண்டுகளாக ‘வீட்டுவழிக் கல்வி’ என்ற ஏற்பாட்டின் கீழ் என்னிடமே படித்து வருகிறான். தமிழிலக்கியத்தில் முதுகலை முடித்து, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து, இவனுக்காக வேலையை விட்டவள் நான். இந்த ஏற்பாட்டின் உள்ளே இருப்பவள் என்ற முறையில், வெளியில் இருப்போர் கண்ணில் படாத சிலவற்றை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பிள்ளை வீட்டில் படிக்கும் என்று முடிவாகும்போது, படிக்கும் இடம் மட்டுமே மாறவேண்டும். நடைமுறையில், பள்ளியில் அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டிய நேரம், ஆசிரியர், பயிற்சி, கருவி, தோழர் ஆகிய யாவும் அந்த முடிவோடு சேர்ந்து பெரும்பகுதி நின்றுபோகின்றன. மிச்சத்தைத் தாயார் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் அமைதி கொள்கிறார்கள்.

முதலில் நாங்கள் இந்த இடத்துக்கு வந்த வழியைச் சொல்லவேண்டும். 2019 ஜூனில் அவனை முதல் வகுப்பில் சேர்த்தபோது எடை 13 கிலோ. இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து பள்ளியில் விடுவேன். இடைவேளையில் போய்க் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்வேன். மதியம் சத்துணவைப் பிசைந்து ஊட்டுவேன். மாலையில் மறுபடி தூக்கி வருவேன். வகுப்பாசிரியை சுவரோரமாக இரண்டு தலையணைகளை அண்டக்கொடுத்து, எல்லாப் பிள்ளைகளோடும் அவனை உட்கார வைத்தார். அந்த அம்மையாரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறந்தபோது அவன் 19 கிலோவாகியிருந்தான். என் இடுப்பு தாங்கவில்லை; சக்கர நாற்காலி தேவைப்பட்டது. பள்ளிக் கட்டடத்தின் முன்பக்கம் மூன்று படிகள். சாய்தளம் பின்பக்கத்தில் இருந்தது. அது இருந்த செங்குத்துக்கு, நாற்காலியை ஒருவர் முன்னிருந்து இழுக்கவும் ஒருவர் பின்னிருந்து தள்ளவும் வேண்டியிருந்தது.

அந்த ஆண்டின் இறுதியில், தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளின் தெருவுக்கே வந்து கற்பிக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு வந்த தன்னார்வலர், இருபத்திரண்டு வயதுப் பெண், இடம் தேடியபோது எங்கள் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தேன். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பதினைந்து பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். என் மகனை அவர்கள் நடுவில் நாற்காலியோடு நிறுத்திவிடுவேன். கதை சொல்லும்போது புலி வரும் இடத்தில் உறுமுவது அவன் வேலை என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். அவன் எழுப்பும் ஒலி புலிக்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது என்று ஒரு சிறுமி என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள். அவன் வாழ்வில் கல்வி என்ற பெயரில் நடந்தவற்றுள் மிகச் சிறந்த காலம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தத் திட்டம் அவனுக்காக வகுக்கப்பட்டதன்று. திண்ணை இருந்தது, பிள்ளைகள் வந்தார்கள், அவன் அவர்களோடு இருந்தான்.

2022 இறுதியில் அவனது இடது இடுப்பு மூட்டு நழுவத் தொடங்கியது. நடக்க இயலாத மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நேர்வது. இறுகிய தசைகள் எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுத்து நீள்வதில்லை. பிள்ளை உயரமாக வளர வளர, தசைகள் தொடை எலும்பை அதன் குழியிலிருந்து இழுத்து விலக்குகின்றன. அறுவை சிகிச்சை, ஆறு வார மாவுக்கட்டு, அதன்பின் மாதக்கணக்கில் வலி. தொடர்ந்து நாற்பது நிமிடத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார இயலாத நிலையில், அவனைப் பள்ளிக்கு அனுப்புவது எப்படி என்று நான் கேட்டபோது, வட்டார அளவில் பொறுப்பிலிருந்த அலுவலர் ஒருவர் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ‘பெற்றோர் விருப்பம்’ என்றொரு கட்டம். ‘வீட்டுவழிக் கல்வி’ என்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். இட்டேன். சாய்தளம் சரியாக இருந்திருந்தால், வண்டி ஏற்பாடு இருந்திருந்தால், அரை நாள் மட்டும் வந்து போக வழி இருந்திருந்தால் என் விருப்பம் என்னவாக இருந்திருக்கும் என்று கேட்கும் கட்டம் எதுவும் அந்தப் படிவத்தில் இல்லை.

அந்தச் சொல்லைப் பற்றி அன்று தொட்டு யோசித்து வருகிறேன். சட்டத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, ஒன்றுக்கும் மேற்பட்ட ஊனங்கள் உள்ள குழந்தைகளும், கடும் ஊனமுற்ற குழந்தைகளும் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் உடையவர்கள் என்று சேர்க்கப்பட்டது. கடும் ஊனம் என்பது 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்று 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது. ‘உரிமையையும்’ என்பதிலுள்ள உம்மையைப் படிப்போர் கவனிக்க வேண்டுகிறேன். பள்ளிக்குச் செல்லும் உரிமை முதலில் இருக்கிறது. அதனோடு கூடுதலாகவே இந்த உரிமை வருகிறது. தேர்ந்தெடுப்பவர் குழந்தையும் பெற்றோரும். பள்ளியோ அலுவலகமோ தன் வசதிக்காக அதைத் தேர்ந்தெடுத்துத் தர இயலாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுள்ள குழந்தைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பிள்ளைக்கும், மிகுந்த உதவி தேவைப்படும் பிள்ளையின் உடன் வருபவருக்கும் போக்குவரத்து வசதி செய்து தரவேண்டும். 18 வயது வரை புத்தகங்களும் கற்றல் பொருள்களும் உதவிக் கருவிகளும் கட்டணமின்றித் தரப்படவேண்டும். இவற்றுள் எதுவும், வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது என்று எங்கும் எழுதப்படவில்லை.

இனி, கிடைப்பது எவ்வளவு என்று பார்ப்போம். வாரத்துக்கு ஒரு முறை சிறப்புப் பயிற்றுநர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருப்பார். இயன்முறைப் பயிற்சியாளர் மாதம் ஒருமுறை, சில மாதங்களில் இரண்டு முறை. சிறப்புப் பயிற்றுநரைப் பற்றிக் குறைகூற எனக்கு வாயில்லை. பேருந்து இறங்கி இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வருவார். வந்தவுடன் கையைக் கழுவிக்கொண்டு தரையில் அமர்ந்து அவன் கண்மட்டத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுவருவார். அவரிடம் சொந்த வாகனமில்லை, பணி நிரந்தரமில்லை, ஊதியம் மாதத்தின் எந்தத் தேதியில் வரும் என்ற உறுதியும் இல்லை. மருத்துவ முகாம், கணக்கெடுப்பு, மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் ‘எமிஸ்’ இணையத் தளத்தில் விவரம் ஏற்றுதல் என்று வேறு பணி வந்துவிட்டால் அந்த வாரம் எங்கள் முறை போய்விடும். கடந்த கல்வியாண்டில் அவர் வந்த நாள்களை நாட்காட்டியில் குறித்து வைத்தேன். முப்பத்து மூன்று.

முப்பத்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஓர் ஆண்டில் 220 வேலை நாள்களும் 1000 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது; ஒன்று முதல் ஐந்து வரையில் 200 நாள்கள், 800 மணி நேரம். அதே சட்டம்தான் என் மகனுக்கு வீட்டுவழிக் கல்வி என்ற உரிமையையும் தருகிறது. அவனது தெருவிலிருந்து அதே வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு 1000 மணி நேரம் என்று வகுத்த சட்டத்தின் கீழ், அவனுக்கு முப்பத்து மூன்று. அந்த நீண்ட இடைவெளியை நிரப்புவது நான். எனக்கு வேலை இல்லாமல் போனதும், என் கணவர் அச்சகத்தில் இரண்டு ஷிப்டு பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேரவேண்டியவை. மாநில அரசு தரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை எங்களுக்கு வருகிறது. 2023 ஜனவரியில் அது 1500-இலிருந்து உயர்த்தப்பட்டதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் பராமரிப்புக்குத் தரும் தொகையைக் கல்விக்கு ஈடாக எண்ணிவிட இயலாது.

எங்கள் வீட்டில் படிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனெனில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன கற்பித்துவிட முடியும் என்று நல்லவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பேசாத, எழுதாத பிள்ளைக்கு எழுத்தை எப்படிக் கற்பிப்பது என்று நான் இரண்டு ஆண்டுகள் தவித்தேன். தமிழில் 247 எழுத்துகளையும் ஒரே அட்டையில் எழுதிக் காட்டினால் அவன் கண் எதைப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்கவே இயலாது. பிறகு, நான் கல்லூரியில் படித்த இலக்கணமே கைகொடுத்தது. முதலெழுத்து முப்பது, 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்துதான் 216 உயிர்மெய்யும் பிறக்கின்றன. ஆகவே இரண்டு அட்டைகள் செய்தேன். இடப்பக்க அட்டையில் மெய்யெழுத்துகள், மூன்று வரிசையில் ஆறு ஆறாக. வலப்பக்க அட்டையில் உயிரெழுத்துகள், நான்கு மூலையிலும் மும்மூன்றாக, நன்றாக இடைவெளி விட்டு. அவன் முதலில் மெய்யைப் பார்ப்பான். நான் வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போவேன். சரியான இடத்தில் கண்ணை இறுக மூடித் திறப்பான். பிறகு உயிர். இரண்டையும் கூட்டி நான் உரக்கச் சொல்வேன். தவறென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

சிறப்புப் பயிற்றுநர்தான் அதை மேலும் செம்மையாக்கினார். என் விரல் வேகமாகப் போகிறது, அவன் கண்ணிமையைக் கட்டுப்படுத்த அவனுக்கு மூன்று நொடியாவது வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அந்த ஒரு திருத்தத்தால் நான்கு மாதம் முன்னேறினோம். பயிற்சி பெற்ற ஒருவரின் ஒரு மணி நேரம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது. அவன் தானாகக் கூட்டிய முதல் சொல் ‘தோசை’. தகர மெய், ஓகாரம், சகர மெய், ஐகாரம் என்று நான்கு பார்வைகள். பதினோரு நிமிடம் ஆயிற்று. அன்று காலை நான் இட்டிலி ஊற்றியிருந்தேன். கணக்கு, அரிசி அளக்கும் படியிலும் ஆழாக்கிலும் நடக்கிறது. எத்தனை ஆழாக்கு ஒரு படி என்று நான் தவறாகச் சொல்லி நிறுத்தினால் அவன் சிரித்துவிடுவான். இப்போது மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைத் தானே கண்ணோட்டிப் படிக்கிறான். நான் கேட்கும் வினாவுக்கு விடையும் கூட்டித் தருகிறான். பதிவேட்டில் அவன் ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தடையின்றிக் கிடைப்பதால் ஆண்டுதோறும் பெயர் மேலே ஏறுகிறது. அவன் உண்மையில் எங்கே நிற்கிறான் என்று எழுதி வைக்கப்பட்ட தாள் ஒன்றுகூட அலுவலகத்தில் இல்லை. இருப்பது என் நோட்டுப் புத்தகத்தில்தான்.

இதைவிடக் கடினமான நிலையில் இருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய மகனுக்கு ஆட்டிசம். தனியார் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு வரை படித்தான். மற்றப் பெற்றோர் புகார் சொல்கிறார்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது என்று அங்கே நயமாகச் சொல்லப்பட்டது. மனம் நொந்து, எந்தப் பள்ளியும் வேண்டாம், நானே கற்பிக்கிறேன் என்று முழுமையாக வீட்டுக் கல்விக்கு மாறினார். பையன் இரவில் உறங்கத் தொடங்கினான், காதைப் பொத்திக்கொள்வது குறைந்தது, படிப்பும் ஏறியது. ஆனால் பேச்சுப் பயிற்சிக்கும் சிறப்புப் பயிற்றுநரின் உதவிக்கும் அவர் விண்ணப்பித்தபோது, பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியின் ‘எமிஸ்’ பதிவிலும் இல்லாததால் உதவி வழங்க இயலாது என்று பதில் வந்தது. அடுத்து, பள்ளி செல்லாக் குழந்தைகளின் கணக்கெடுப்பில் அவன் பெயர் இடைநின்றவனாக வந்து நின்றது. இறுதியில், பெயரை மட்டும் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் பதிந்துவிட்டு வீட்டிலேயே கற்பிக்கிறார். அந்தப் பிள்ளையின் சான்றிதழில் 80 விழுக்காடு இல்லை. ஆகவே வீட்டுவழிக் கல்வி உரிமையும் அவனுக்குச் சட்டப்படி இல்லை.

கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வெளிப்படையான அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. அந்த மங்கலான இடத்தில் ஊனமில்லாத பிள்ளையின் பெற்றோர் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம்; அவர்கள் அரசிடம் கேட்பது எதுவுமில்லை. எங்கள் பிள்ளைகளுக்கோ தசை இறுகாமல் பார்க்க ஒருவர், பேச்சுக்கு ஒருவர், கற்பிக்கும் முறையைத் திருத்த ஒருவர், அளவெடுத்துச் செய்த நாற்காலி, கால்தாங்கி என்று தொடர்ந்து தேவைப்படுகிறது. இந்த உதவிகள் பிள்ளையின் உடல்நிலைக்காகத் தரப்படுபவை. அவன் எந்தக் கூரையின் கீழ் அமர்ந்து படிக்கிறான் என்பதைக் கொண்டு அவற்றைக் கொடுப்பதும் நிறுத்துவதும் முறையன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் பலர் வீட்டுவழிக் கல்வியையே எதிர்க்கிறார்கள் என்பதை அறிவேன். வீட்டுக்கு அனுப்ப ஒரு வழி இருக்கும் வரை எந்தப் பள்ளியும் தன் படிக்கட்டை இடிக்காது என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. எனக்கு நேர்ந்ததே அதற்குச் சான்று. ஆயினும் அந்த வழியை அடைத்துவிடவேண்டும் என்பதை ஏற்க என்னால் இயலவில்லை. மாவுக்கட்டோடு கிடந்த மாதங்களில், வலிப்பு அடிக்கடி வந்த வாரங்களில், வீட்டில் படிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியே இல்லை. இன்று நிலைமை அப்படியில்லை. வண்டியும் நல்ல சாய்தளமும், நடுவில் சற்று நேரம் படுத்து இளைப்பாற ஒரு மூலையும் கிடைத்தால் வாரத்தில் மூன்று அரை நாள்கள் அவன் பள்ளிக்குச் சென்று வரலாம். மீதி நாள்கள் வீட்டில் படிக்கலாம். ஆனால் இப்போதுள்ள முறையில், ஒன்று முழுமையாகப் பள்ளி, இல்லையேல் முழுமையாக வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை இருப்பதை எந்தப் படிவமும் அறியவில்லை.

பணமும் ஆளும் இல்லை என்பது வழக்கமாகக் கிடைக்கும் விடை. ஆள் பற்றி, எத்தனை மாணவர்க்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை வகுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. அதன் தொடர்ச்சியாக ஒன்றிய அரசு 2022-இல், தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்க்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட நிலையில் 15 மாணவர்க்கு ஒருவர் என்ற விகிதத்தை அறிவித்தது. 2025 மார்ச்சில், மாநிலங்கள் இந்தப் பணியிடங்களை முறையாக உருவாக்கி நிரப்பவேண்டும் என்று நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது. எங்கள் வீட்டுக்கு வருபவரின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை இந்த விகிதத்துக்கு அருகில்கூட இல்லை. அந்த விகிதத்தை வகுக்கும்போது வீட்டில் படிக்கும் பிள்ளையை எப்படிக் கணக்கில் கொள்வார்கள் என்பது என் கவலை. வகுப்பறையில் பத்துப் பிள்ளைகளை ஒருசேரப் பார்க்கலாம். பத்து வீடுகளை ஒருசேரப் பார்க்க இயலாது. நடக்கும் தூரமும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் வரவேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3500 ரூபாய் என்பதே அளவு. நகரத்தில் ஒரு மாதத் தனியார் இயன்முறைப் பயிற்சிக்குக்கூட அது போதாது. அந்தத் திட்டத்தின் கீழ் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததும், மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றதும் தங்கள் வாசகர்கள் அறிந்ததே. அரசுகளுக்கிடையே கொள்கை வேறுபாடு இருக்கலாம். எனக்கும் அதில் உறுதியான கருத்து உண்டு, இங்கே அதை எழுதப்போவதில்லை. தொகை நின்றால் முதலில் நிற்பது எது என்பதை மட்டும் சொல்கிறேன். வகுப்பறை பூட்டப்பட்டால் ஊரே கேட்கும். ஒரு வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வரவேண்டியவர் வராமல் போனால் அந்த வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே பள்ளிக் கல்வித் துறையிடமும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடமும் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. வீட்டில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அவன் இப்போது எங்கே நிற்கிறான், இந்தப் பருவத்தில் எதைக் கற்கப்போகிறான், அதற்கு யார் எத்தனை மணி நேரம் தருவார்கள் என்று தெளிவான தமிழில் எழுதிய திட்டம் ஒன்று இருக்கட்டும். அதன் நகல் ஒன்று பெற்றோர் கையில் தரப்படட்டும். அமெரிக்காவில் 1975-இலேயே இப்படி எழுதிய திட்டம் சட்டமாயிற்று. அதை வகுக்கும் இடத்தில் பெற்றோரும் உடன் அமர்வார்கள். அங்கேயும் வீட்டுக் கல்விக்கு மாறியவர்களின் உதவிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன என்பதால் அதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. எழுதி வைக்கும் வழக்கத்தை மட்டும் கேட்கிறேன். வந்து போனதைப் பதிவேட்டில் பயிற்றுநர் மட்டும் குறிப்பதற்குப் பதிலாக, கிடைத்த மணி நேரத்தைப் பெற்றோரும் குறித்துக் கையொப்பமிடும் வழி வேண்டும். வராத வாரத்துக்கு மாற்று நாள் வேண்டும். அளவெடுத்த நாற்காலி கையில் வந்து சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறான் என்பதால், அளவெடுப்பதற்கும் வழங்குவதற்கும் இடையே கால வரம்பு வேண்டும். எங்களுக்கு வந்த நாற்காலி ஓராண்டு தாமதத்தில் வந்து, கால்பலகை நான்கு விரற்கடை குட்டையாகி, இன்று துணி மடித்து வைக்கும் இடமாக இருக்கிறது. பதிவில் இல்லாத பிள்ளைக்கும் பயிற்சி உதவிகள் தொடரவேண்டும். கல்வி உரிமைச் சட்டம் எட்டும் 14 வயதுக்குப் பின் என்ன என்பதற்கும் இப்போதே விடை வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 18 வயது வரை பேசும்போது, எட்டாம் வகுப்போடு எங்கள் வீட்டுப் படி ஏறும் கால்கள் நின்றுவிடுமோ என்ற அச்சம் எனக்கிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியோடு இருக்கும் தொடர்பு அறுந்துபோகக் கூடாது. மூன்று ஆண்டுகளில் அவனுடைய வகுப்பாசிரியர் என்று பதிவில் இருப்பவர்களுள் ஒருவர் மட்டுமே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மற்றவர்களை நான் குறைசொல்லவில்லை, வரவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்ததில்லை. வகுப்புப் புகைப்படத்தில் அவன் இல்லை. திண்ணையில் புலியாக உறுமியபோது உடனிருந்த பிள்ளைகள் இப்போது தெருவில் போகும்போது கையசைக்கிறார்கள். முன்பு போல உள்ளே வருவதில்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அம்மா எத்தனை நல்ல ஆசிரியையாக இருந்தாலும் தோழனாக இருக்க இயலாது. சென்ற மாதம் ஒரு மாலை, பள்ளி விட்ட மணி கேட்டதும் அட்டையைக் கேட்டான். கூட்டிய சொல் ‘யார்’. யாரைக் கேட்கிறாய் என்றேன். வாசலைப் பார்த்தான். ஏழாம் வகுப்பில் தன்னோடு படிப்பவர்கள் யார் யார் என்று கேட்கிறான் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. மறுநாள் பள்ளிக்குப் போய் முப்பத்தொரு பெயர்களையும் எழுதி வாங்கி வந்து படித்துக் காட்டினேன். முப்பத்திரண்டாவதாக அவன் பெயர் இருந்தது. அந்த இடத்தில் கண்ணை இறுக மூடித் திறந்தான்.

வரும் ஜூனில் அவன் பெயர் எட்டாம் வகுப்புக்கு ஏறும். அதே படிவம் மறுபடி வரும். ‘பெற்றோர் விருப்பம்’ என்ற கட்டத்தில் இம்முறை நான் ஒரு சொல்லில் எழுதப்போவதில்லை. வாரம் மூன்று அரை நாள்கள் பள்ளியில், வண்டியோடும் உதவியாளரோடும். மற்ற நாள்கள் வீட்டில், எழுதப்பட்ட திட்டத்தோடும் எண்ணப்பட்ட மணி நேரத்தோடும் என்று எழுதி, அதன் கீழே அவன் கட்டைவிரலையும் மையில் ஒற்றி வைக்கப்போகிறேன். கட்டத்துக்குள் இடம் போதாவிட்டால் தாளின் பின்பக்கத்தில் தொடர்வேன்.

இப்படிக்கு,
வைப்பாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய்